வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்டவர்

மேற்கு ஆக்லாந்தின் கிளென் ஈடன் சூப்பர் மார்க்கெட்டில் தவிடு விற்கிறார்கள். முந்திரி, பாதாம், உலர்ந்த திராட்சை என்று பெட்டி பெட்டியாக நிரப்பி வைத்து, வேண்டியதை நாமே அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளும் வரிசை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் கடைசியில், ஓட்ஸுக்குப் பக்கத்தில், கரண்டி செருகிய ஒரு பெட்டியில் தவிடு. இங்கே அது மனிதர் உண்ணும் பொருள். காலையில் தயிரில் கலந்து உண்டால் வயிறு சுத்தமாகுமாம். வந்த புதிதில் அதன் முன்னால் நின்று சிரித்திருக்கிறேன். மாட்டுக்குக் கழுநீரில் கலக்கி வைக்கிற பொருளை, ஓடி முடித்த வியர்வையோடு ஒரு பெண் பொன்துகள் போல அள்ளிக்கொண்டு போகிறாள். இப்போது சிரிப்பு வருவதில்லை. தள்ளுவண்டியை அந்த வரிசைக்குள் திருப்பாமலே போய்விடுகிறேன். அங்கே கொட்டிக் கிடப்பது என் அப்பாவின் விலை.

தம்பி தங்கை உள்ள எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தச் சீண்டல் இருக்கும். உன்னை நாங்கள் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம். கேட்ட பிள்ளை உதடு பிதுக்கி அழும், அம்மா வந்து சொன்னவன் முதுகில் ஒன்று வைப்பாள், அத்தோடு சரி. அப்பா விஷயத்தில் அது சீண்டல் இல்லை, நடந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. அப்பாவின் வீட்டில் மூத்த ஆண் ஒருவர் தங்கினார். அடுத்துப் பிறந்தவை ஒவ்வொன்றாகத் தவறின. அப்பா பிறந்ததும் சாவின் கண்ணை மறைக்க அவரை விற்றார்கள். வாங்கியது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த, ஊர்த் துணி வெளுக்கும் குடும்பம். விலை ஒரு முறம் தவிடு. பிச்சையா என்று பெயர் வைத்தார்கள். சாவு வாசலில் வந்து கேட்டால், இங்கே பிள்ளை இல்லை, அது அந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். சாவு அந்த வீட்டுக்கே போய்க் கேட்டால்? அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் போனால் போகட்டும் என்பது அந்தச் சடங்கில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பாதி. கடலுக்கு இந்தப் பக்கம் வந்து, ஐம்பதையும் தாண்டிய பிறகுதான் அந்தப் பாதி எனக்குக் கேட்கத் தொடங்கியது.

எனக்கு வேலை ஈஸ்ட் டாமாக்கியில், ஒரு மருந்துக் கிடங்கில், இருப்பு எண்ணுவது. கையில் ஸ்கேனரோடு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நடந்து, கணினி சொல்வதும் தட்டில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இருப்பது அபூர்வம். இந்தத் தொழில் கற்றுத் தந்தது ஒன்றுதான்: பொருள் பெரும்பாலும் தொலைவதில்லை. எவனோ அவசரத்தில் வேறு தட்டில் பதிந்திருப்பான். உரிய தட்டில் அதற்காகக் காலி இடம் காத்துக் கிடக்கும். பொருளோ இரண்டு வரிசை தள்ளி, வேறொன்றின் எண்ணைச் சுமந்துகொண்டு, தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிக்கிறபோது அது என்னை ஒரு மாதிரி பார்ப்பதாகத் தோன்றும். இதைச் சொன்னால் உடன் வேலை செய்பவர்கள், தேநீர் இடைவேளை எடுத்துக்கொள் என்பார்கள்.

பக்கத்து வீட்டில் மார்கரெட் இருக்கிறாள். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாள். இலையுதிர்காலத்தில் அவள் மரத்து ஃபெய்ஜோவாப் பழங்கள் வேலிக்கு இந்தப் பக்கம்தான் அதிகம் விழும். அவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டு, என்னுடையதை எனக்கே பரிசளிப்பது போல நீட்டுவாள். வாரம் ஒருநாள் ரயிலேறி நகர நூலகத்துக்குப் போய்த் தன் முன்னோரைத் தேடுவது அவளுடைய பொழுதுபோக்கு. ஒருநாள் தன் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். இங்கிலாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள். சாய்ந்த கையெழுத்தில் ஒரு வீடு முழுவதும் இருந்தது. குடும்பத் தலைவன், மனைவி, மகன், மகள், வயது, தொழில், பிறந்த ஊர். பத்தாண்டுக்கு ஒருமுறை அதே வீடு, கொஞ்சம் நரைத்து, கொஞ்சம் குறைந்து. ஒரு ஏட்டில் மட்டும் ஒரு பெண் காணாமல் போயிருந்தாள். செத்துவிட்டாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தாளாம் மார்கரெட். பிறகு வேறொரு ஊரில், ஒரு மருத்துவர் வீட்டுப் பட்டியலின் கடைசி வரியில் அவளைக் கண்டுபிடித்தாள். வேலைக்காரி, வயது பதிமூன்று.

"அன்றிரவு யார் எந்தக் கூரையின் கீழ் படுத்தார்களோ அங்கேதான் எழுதுவார்கள்," என்றாள். "நாங்கள் அவளை அழுது முடித்துவிட்டோம். அவளோ அடுத்தவர் வீட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அம்மா இறந்த பிறகு அவரை இங்கே அழைத்து வந்திருந்தோம். இதயம் களைத்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். மேற்கு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதைச் சொன்னாலும் பாதியில் கண் மூடிவிடுகிறவர், அன்று மூடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஊருக்கும் அது மாதிரி இருக்குமாட்டி?" என்றார். "நான் கைப்பிள்ளையா இருக்கும்போது எடுத்தது."

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். என் பத்து வயதிலிருந்தே தெரியும். சொத்துப் பிரிக்க ஊர்க் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். அப்பா அப்போது தூத்துக்குடியில் மின்வாரியத்தில் எழுத்தர். வெள்ளைச் சட்டை போட்டு என்னையும் கூட்டிப் போயிருந்தார். பெரியப்பா எழுந்தார். அவர் சத்தமே போடவில்லை என்பதுதான் இன்றும் காதில் இருக்கிறது. "இவனுக்கு என்ன பங்கு? சென்சஸ் எடுத்த அன்னைக்கு நம்ம வீட்டுல இவன் பேரே இல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்லா எழுதியிருக்கு. சர்க்கார் கணக்கு பொய் சொல்லுமா?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தக் காலத்தில், அந்த மண்டபத்தில், அதைவிடக் கீழான வசை ஒரு மனிதனுக்குக் கிடையாது; சிரித்தவர்களுக்கும் அது தெரியும். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து காட்டு, காட்டினால் ஒரு சாண் மண் வேண்டாம் என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அந்த வீட்டுல நான் ஒரு வாய் தண்ணி குடிச்சது கிடையாது," என்றார்.

மண்டபத்துக்கு வெளியே, வெயிலில், தலையில் அழுக்கு மூட்டையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டு மகள் மாடத்தி. கூட்டத்தில் எல்லாரும் அசைந்தார்கள், முணுமுணுத்தார்கள், துண்டை உதறினார்கள். அந்த மூட்டை மட்டும் அசையவில்லை. அதனால்தான் அவளைப் பார்த்தேன்.

அன்று பஸ் ஏறிய அப்பா பிறகு ஊருக்குப் போகவே இல்லை. பங்கும் கேட்கவில்லை. பெரியப்பா செத்த தகவல் வந்த காலையில் வழக்கம் போல முகம் மழித்து அலுவலகம் கிளம்பினார். பொய் சொன்னவனுக்கு எதற்குக் கொள்ளி பார்க்க என்றார் அம்மாவிடம். அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நின்றது. அண்ணன் பொய் சொன்னான். இப்போது, இந்த ஜன்னலோரத்தில், அதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார். போவதற்குள் பார்த்துவிட வேண்டும். அந்த ஏட்டில் தன் பெயர் தன் அம்மாவின் பெயருக்குக் கீழே இருக்கிறது என்று.

பாளையங்கோட்டையில் செல்வம் இருக்கிறான், அம்மா வழியில் எனக்கு மாமா மகன், வக்கீல் குமாஸ்தா. அவனைப் போகச் சொன்னேன். போய்விட்டு வந்து போனில் சிரித்தான். "மைனி, அந்த ஆபீஸ்ல என்னைய ஒரு பைத்தியத்தப் பாக்க மாதிரி பாத்தாவ." வீட்டு வாரியாக எழுதிய தாள்களை எண்ணி முடித்ததும் கழித்துவிடுவார்களாம், இருந்தாலும் யாருக்கும் காட்டமாட்டார்களாம். மிஞ்சுவது கூட்டுத்தொகை மட்டும். ஊரில் இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண். அந்தத் தொகைக்குள் எங்கோ அப்பா ஒன்றாக இருக்கிறார். எந்த வீட்டிலிருந்து வந்த ஒன்று என்று தொகைக்குத் தெரியாது.

மார்கரெட்டிடம் போய் இதைச் சொன்னேன். ஏதாவது வழி சொல்வாள் என்ற நப்பாசை. அவள் தலையை ஆட்டினாள். இந்த நாட்டிலும் அப்படித்தானாம். பழைய வீட்டுப் படிவங்களை எண்ணிவிட்டு அழித்துவிட்டார்களாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பத்தாண்டும் அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த குடும்பம், கப்பலை விட்டு ஆக்லாந்தில் இறங்கியதும் மறைந்துவிடுகிறது. "வந்து சேர்ந்த இடத்தில்தான் நாங்கள் இல்லாமல் போகிறோம்," என்றாள். அன்றுதான் முதன்முறையாக அவள் எனக்குச் சொந்தக்காரி போலத் தோன்றினாள். அந்த நெருக்கத்தில் தவிட்டுக் கதையையும் சொல்லி வைத்தேன். அது தப்பாகப் போயிற்று.

"அப்படியானால் உன் அப்பா தத்துப்பிள்ளை," என்றாள்.

இல்லை, விற்றார்கள், ஆனால் விற்பனை இல்லை என்றேன்.

"பிள்ளையை விற்கிற அளவுக்கு வறுமையா?"

"விற்றவர்களுக்கு வயல் இருந்தது. வாங்கினவர்களுக்குத்தான் ஒன்றுமில்லை."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, இதற்கெல்லாம் ஆலோசனை தருகிற நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், உன் அப்பா பேச விரும்பினால் தொலைபேசி எண் தருகிறேன் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மறுக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏடு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு செல்வம் தானாகவே அழைத்தான். மாடத்தி உயிரோடு இருக்கிறாள். தூத்துக்குடியில் மகனோடு, மகனுக்கு இஸ்திரிக் கடை. காகிதம் இல்லாவிட்டால் என்ன, பார்த்த ஆள் இருக்கே மைனி என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அங்கே காலை. அப்பா வெள்ளைச் சட்டை கேட்டார். தேய்த்துக் கொடுத்தேன். கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடிப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே போட்டார். திரையில் முதலில் ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு மகன் போனைத் தள்ளிப் பிடிக்க, முழு முகம். ஒட்டிய கன்னம், காதில் பெரிய துளை, கலங்காத கண்.

"ஐயா, சொகமா இருக்கியளா?" என்றாள். அவளைவிட வயதில் இளையவரை, அவள் இடுப்பில் சுமந்தவரை.

அப்பா நலம் விசாரிக்கவில்லை. மின்வாரிய மேசையிலிருந்து கேட்பது போலக் கேட்டார், சென்சஸ் எடுக்க வாத்தியார் வந்தது ஞாபகம் இருக்கிறதா என்று.

"இல்லாம என்ன," என்றாள் மாடத்தி. "உங்க வீட்டு நடையில ஒக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாரு. உங்கம்மா உங்களப் பொறவாசல் வழியா கொண்டுட்டு வந்து எங்கம்மா கையில குடுத்துட்டாவ. எண்ணுனா போயிரும்னு பயம். முன்ன உள்ளதுகள நான் எண்ணி எண்ணித்தான் குடுத்துட்டேன்னு அழுதாவ. பொறவு வாத்தியாரு எங்க வீட்டு முன்ன வந்து நின்னாரு. எங்கம்மா மடியில ரெண்டு பிள்ள கெடக்கு. இது யாரு பிள்ளைன்னு கேட்டாரு. ஊருக்கே பாடம் சொல்லுத ஆளு, அவருக்குத் தெரியாதா? எங்கம்மா, ரெண்டும் எம்பிள்ளதாம்னு சொல்லுச்சு. எழுதிக்கிட்டாரு."

அப்பாவின் கை நாற்காலிப் பிடியைத் தேடியது. "அப்போ எழுதினது நெசம்."

"நெசந்தான். தவிடு குடுத்து வாங்குனா நம்ம பிள்ளதான ஐயா? அதுல என்ன பொய்யி?"

வெளியே யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்துக் கிளப்பினார்கள். நான் எழுந்து ஜன்னலை மூடினேன். திரும்பியபோது அப்பா திரையைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அன்னைக்கு மண்டபத்துல நான் ஒண்ணு சொன்னேன், என்று தொடங்கினார். மேற்கொண்டு வரவில்லை. மூச்சு முட்டியதா, சொல் முட்டியதா என்று தெரியவில்லை.

"தண்ணி குடிக்கலன்னு சொன்னிய," என்று மாடத்தியே முடித்து வைத்தாள். "கேட்டுக்கிட்டுத்தான நின்னேன். அது ஒண்ணும் பொய்யில்ல. தண்ணி எங்க குடிச்சிய? பாலுல்லா குடிச்சிய."

போனைப் பிடித்திருந்த மகன் சிரித்துவிட்டான். படம் ஆடி நின்றது. அவள் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. வெளுத்த துணியை உதறிக் கொடியில் போடுகிறவள் போல, அடுத்ததை எடுத்தாள்.

"கூடக் கெடந்தது எங்க தம்பி. அந்த வருசமே போயிருச்சு. காய்ச்சலு. கேட்டு வந்தது, கெடச்சத எடுத்துட்டுப் போயிருச்சுன்னு எங்கம்மா சொல்லும். பொறவும் உங்களுக்குப் பால் குடுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. மாரு கட்டிக்கிடும்லா."

இதை அப்பா அறிந்திருக்கவில்லை. நான் அறிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எந்த நாளிலும் இதைச் சொன்னதில்லை. வாத்தியார் அந்தக் கூரையின் கீழ் இரண்டு பிள்ளைகளை எழுதிவிட்டுப் போனார். சாவு வந்து பட்டியலைப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. ஊரின் கூட்டுத்தொகையில் அவர்கள் இருவரும் இன்றும் இருக்கிறார்கள். பெயரில்லாமல், பக்கத்தில் பக்கத்தில்.

இணைப்பு அறுந்துவிட்டதா என்று அங்கே மகன் கேட்கும் சத்தம் வந்தது. பிறகு அப்பா, "அக்கா," என்றார்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பார்வையை எங்கோ சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெரியாளான பிறகு அப்பா அவளை அப்படி அழைத்திருக்க முடியாது, அந்த ஊர் விட்டிருக்காது, அவரும் விரும்பியிருக்கமாட்டார்.

"சாப்பிட்டியா?" என்றாள் கடைசியில், சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல.

அதன் பிறகு அப்பாவுக்கு இரண்டு நினைப்புகளே இருந்தன. ஒன்றை என்னிடம் சொல்வார்: "அண்ணன் பொய் சொல்லலட்டி." நான், எழுதியது உண்மையாக இருக்கலாம், அவர் அதைச் சொன்ன விதம் பொய்தானே என்று சமாதானம் சொல்வேன். அவர் தலையசைக்கமாட்டார். சாவுக்குப் போகாத அந்தக் காலையில் முகம் மழித்த கை, அடிக்கடி தாடையைத் தடவிக்கொண்டிருக்கும். மற்றது பயணம். அந்த வீட்டில் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: விமானத்தில் ஏற்ற முடியாது, வழியிலேயே போய்விடுவார். இதை அப்பாவிடம் சொல்லாமல், மழை நிற்கட்டும் என்றேன். மேற்கு ஆக்லாந்தில் மழை நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் தொடக்கத்தில் கால் இரண்டும் வீங்கி மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மலச்சிக்கலுக்கு என்று காலை உணவில் தவிட்டுச் செதில்கள் வைத்தார்கள். கொண்டு வந்தவள் டோங்கா நாட்டு இளம் செவிலி. அப்பாவைப் பாப்பா என்றே அழைப்பாள், அவர்கள் வழக்கில் அது பெரியவரை அழைக்கும் சொல். அப்பா கிண்ணத்துக்குள் பார்த்தார். இதைக் கொடுத்துத்தான் என்னை வாங்கினார்கள் என்று ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னார், தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக. அவள் அன்போடு அவர் தோளைத் தட்டி, யாரும் வாங்கவில்லை பாப்பா, இங்கே சாப்பாடு இலவசம் என்றாள். அப்பா மறுபடியும் சொன்னார். வெளியே போகும் வழியில் அவள் கணினியில் ஏதோ தட்டினாள். மாலை வந்த மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, குழப்பம் தொடங்கிவிட்டதாகக் குறிப்பில் இருக்கிறது, வீட்டில் கவனித்தீர்களா என்று கேட்டார். என் அப்பா தன் வாழ்நாளில் குழப்பமில்லாமல் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது. தூக்கம் சரியில்லை என்றேன்.

அந்த வாரம்தான் இந்த நாட்டின் கணக்கெடுப்பு. குறித்த செவ்வாய்க்கிழமை இரவில் இந்த மண்ணில் இருக்கும் ஒவ்வொருவரும் தாம் இருக்கும் கூரையின் கீழ் எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பி, காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மகள் கயல் மடிக்கணினியில் கேள்விகளை வாசித்தாள். அவள் இங்கே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள். இன்றிரவு இந்த வீட்டில் இருப்பவர்கள் யார்? அவள் அப்பா, நான், அவள். சரி. தாத்தாவை ஹாஸ்பிட்டல் ஆட்கள் எழுதிக்கொள்வார்கள் என்றாள். பிறகு, இந்த வீட்டில் வசிப்பவர், ஆனால் இன்றிரவு இங்கே இல்லாதவர் யாராவது உண்டா?

"தாத்தா இங்க வசிக்கிறார்தானே, அம்மா? யெஸ் ஆர் நோ?"

பிறந்து எழுதப்பட்ட முதல் கணக்கில் அவர் தன் வீட்டில் இல்லை. கடைசிக் கணக்கிலும் இல்லை. அந்த வாத்தியாரின் தாளில் இப்படியொரு கேள்வி இருந்திருந்தால், என்று யோசித்தேன். இருந்திருந்தாலும் அப்பாவைப் பெற்றவள் வாய் திறந்திருக்கமாட்டாள். எண்ணினால் போய்விடும். கயலின் விரல் காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பயம் எனக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ, படித்த, மருந்துப் பெட்டிகளை நாளெல்லாம் எண்ணுகிற எனக்குள், சரியாக அப்போது எழுந்து நின்றது. யெஸ் போடு, என்றேன். அப்பா அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

எண்ணியதால்தானா என்று கேட்காதீர்கள். நானும் கேட்பதில்லை, பகலில்.

சாம்பலில் ஒரு பங்கைத் தாமிரபரணி ஆற்றுக்குக் கொண்டு போனேன். செல்வம் கூட வந்தான். ஆற்றுக்குப் போகும் முன் தூத்துக்குடியில் அந்த இஸ்திரிக் கடைக்குப் போகச் சொன்னேன். கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் வீடு. கரி வாசம், கஞ்சி போட்ட துணி வாசம். கதவில் பழைய அரசுக் கணக்கின் எண் ஒன்று பெயிண்ட்டில் எழுதிப் பாதி உரிந்திருந்தது. மாடத்தி எழுந்திருக்க முயன்றாள். வேண்டாம் என்று நானே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சாம்பல் பையை மடியில் வைத்திருந்தேன். அவள் அதை ஒருமுறை தொட்டாள். கனம் பார்ப்பது போல.

தண்ணீர் கேட்டேன். எவர்சில்வர் டம்ளரில் மகன் கொண்டு வந்தான். மாடத்தி அதை அவன் கையிலிருந்து வாங்கி, தானே என்னிடம் நீட்டினாள். குடித்தேன். இன்னொன்று கேட்டேன். அவளுக்குப் புரிந்தது, அதையும் கொடுத்தாள்.

கடைக்குத் துணி போட வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, யாரு ஆச்சி, விருந்தாளா என்று கேட்டார். "எந் தம்பி மக," என்றாள் மாடத்தி. "வெளிநாட்டுல இருக்கா."

கிளம்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கணக்கெடுக்க மறுபடியும் வரப்போவதாகப் பேசிக்கொள்கிறார்களே, உண்மையா என்று கேட்டாள். அப்படித்தான் சொல்கிறார்கள் அத்தை என்றேன்.

"வரட்டும். உம் பேரையும் இங்கன எழுதச் சொல்லுதேன்."

"எம் பேரு அங்க எழுதியிருக்காங்க அத்தை."

"இருக்கட்டும் தாயி," என்றாள். "ரெண்டு வீட்டுல எழுதிப் போட்டா, தேடி வாரதுக்கு வழி தெரியாதுல்லா."

ஆற்றில் அந்த மாதம் தண்ணீர் குறைவு. சாம்பல் உடனே போகவில்லை. கொஞ்சம் இந்தக் கரைப் பக்கமும் கொஞ்சம் அந்தக் கரைப் பக்கமுமாக ஒதுங்கி, பாசியில் ஒட்டிக்கொண்டு நின்றது. செல்வம் காலால் தண்ணீரைத் தள்ளிவிடப் போனான். விடு, என்றேன்.